ஆட்டோகேட் ப்ளகின் எழுதும்போது வரும் ‘லைப்ரரி கிடைக்கவில்லை’ பிழை: படிப்படியான முழு வழிகாட்டி

மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில், வரைபட மென்பொருளான ஆட்டோகேடுக்கு ப்ளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) எழுத உட்காரும் எவரும் முதல் வாரத்திலேயே சந்திக்கும் செய்தி, ‘குட் நாட் லோட் ஃபைல் ஆர் அசெம்பிளி’, அதாவது கோப்பையோ அசெம்பிளியையோ (டாட்நெட் நிரல் கோப்பு) ஏற்ற முடியவில்லை. உடனே பலர் செய்வது, அதில் இருக்கும் டிஎல்எல் (லைப்ரரிக் கோப்பு) பெயரை இணையத்தில் தேடி, எங்கிருந்தோ இறக்கி, ஆட்டோகேட் நிறுவிய ஃபோல்டரில் போடுவது. அதை மட்டும் செய்யாதீர்கள். பிழை தீராது என்பதோடு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்ற ப்ளகின்களும் கெடும்.

காணவில்லை என்று சொல்லப்படும் கோப்பு பெரும்பாலும் அந்தக் கணினியிலேயே இருக்கும். தேடிய இடம் தவறாக இருக்கலாம், பதிப்பு பொருந்தாமல் இருக்கலாம். உண்மையில் காணாமல் போனது, அந்தக் கோப்பு நம்பியிருக்கும் வேறொரு கோப்பாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. அதனால்தான் கீழே உள்ள வரிசை முக்கியம். ஏழாவது படியில் தொடங்கி இரண்டாவதுக்குத் திரும்பினால் ஒரு நாள் வீணாகும்.

1. தொடங்குமுன் குறித்து வைக்க வேண்டியவை

ஆட்டோகேடின் ஆண்டுப் பெயர் மட்டும் போதாது, ‘ஆர்’ வரிசை எண்ணும் தெரிய வேண்டும். 2013 என்பது ஆர்19.0. 2015 என்பது ஆர்20.0. 2021 முதல் 2024 வரை ஆர்24.0, 24.1, 24.2, 24.3. 2025 என்பது ஆர்25.0. லைப்ரரிகளின் பதிப்பு எண்களும் நிறுவல் கோப்புகளும் பேசுவது இந்த மொழியில்தான்.

அடுத்தது டாட்நெட் பதிப்பு. 2021 முதல் 2024 வரை ஃபிரேம்வொர்க் 4.8. 2025, 2026 பதிப்புகளில் டாட்நெட் 8. இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது சாதாரணப் பதிப்பு மாற்றம் அல்ல, நிரலை ஓட்டும் ரன்டைமே வேறு. ஐந்தாவது படி முழுவதும் இதைப் பற்றித்தான்.

ஆட்டோகேட் எல்டி என்ற சுருக்கப் பதிப்பை வைத்திருப்பவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம். எல்டியில், டாட்நெட் ப்ளகினை ஏற்றும் நெட்லோட் கட்டளையே கிடையாது. எந்த லைப்ரரியைச் சேர்த்தாலும் டாட்நெட் ப்ளகின் ஓடாது.

கருவிகளில் விஷுவல் ஸ்டுடியோவுடன் சிசின்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ப்ராசஸ் மானிட்டரையும் இறக்கி வையுங்கள். முடிந்தால் விஷுவல் ஸ்டுடியோ நிறுவாத, ஆட்டோகேட் மட்டும் உள்ள ஒரு கணினியோ மெய்நிகர் கணினியோ தயார் செய்யுங்கள். எழுதியவர் கணினியில் மட்டும் ஓடும் ப்ளகின்களை வேறெங்கும் பிடிக்க முடியாது.

2. பிழை எந்த நேரத்தில் வருகிறது?

நான்கு நேரங்கள் உண்டு. பில்ட் செய்யும்போது (எழுதிய நிரலை டிஎல்எல்லாக மாற்றும்போது), நெட்லோட் கொடுத்தவுடன், ப்ளகின் ஏறிய பிறகு ஒரு குறிப்பிட்ட கட்டளையை அடிக்கும்போது, அல்லது உங்களிடம் எல்லாம் ஓடி அடுத்தவர் கணினியில் மட்டும். எது என்று தெரிந்தால் தேட வேண்டிய இடம் கால் பங்காகச் சுருங்கும்.

மூன்றாவது வகைதான் புதியவர்களை அதிகம் குழப்புகிறது. ‘ப்ளகின் ஏறிவிட்டதே, லைப்ரரி எப்படி இல்லாமல் போகும்?’ என்று கேட்பார்கள். டாட்நெட் ரன்டைம் எல்லாத் துணை லைப்ரரிகளையும் தொடக்கத்திலேயே ஏற்றுவதில்லை. ஒரு மெத்தடை முதன்முறை இயந்திர மொழிக்கு மாற்றும்போதுதான் அதில் வரும் டைப் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேடும். எனவே எக்செல் கோப்பு எழுதும் கட்டளையை யாரும் அடிக்காத வரை எக்செல் லைப்ரரி இல்லாததும் தெரியாது.

இதிலிருந்து வரும் இன்னொரு விஷயம்: அந்த டைப்பைப் பயன்படுத்தும் மெத்தடுக்குள்ளேயே ட்ரை–கேட்ச் போட்டால் பிழை அதில் சிக்காது. மெத்தடின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே பிழை எழுந்துவிடுகிறது. வேலையைத் தனி மெத்தடில் வைத்து, அதைக் கூப்பிடும் மெத்தடில் ட்ரை–கேட்ச் போடுங்கள்.

ஐந்தாவதாக ஒரு மௌன வகையும் உண்டு. நெட்லோட் எந்தப் புகாரும் சொல்லாது. கட்டளையை அடித்தால் ‘அன்நோன் கமாண்ட்’ என்று மட்டும் வரும். கட்டளை வைத்திருக்கும் கிளாஸ் பப்ளிக்காக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் சந்தேகம், ப்ளகின் ஏறியதும் ஓடும் இனிஷியலைஸ் மெத்தடின் மேல். அதில் எழும் பிழைகளை ஆட்டோகேட் வெளியே காட்டாமல் விழுங்கிவிடும். அந்த மெத்தடின் உள்ளடக்கத்தைத் தனியாகப் பிரித்து, வெளியே ட்ரை–கேட்ச் போட்டு, பிழையின் முழு வாசகத்தையும் கமாண்ட் லைனில் எழுதச் சொல்லுங்கள். உள்பிழை இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். பெரும்பாலும் உண்மை அங்கேதான் இருக்கும்.

3. பிழை எண்ணைப் படிப்பது

வாசகத்தைவிட எண் நேர்மையானது. முன்னால் வரும் ‘சுழியம்–எக்ஸ்’ பகுதியை விட்டுவிட்டுக் கீழே எழுதியிருக்கிறேன்.

80070002 என்றால் கோப்பு கிடைக்கவில்லை. தேடிய இடங்களில் அந்தப் பெயரில் எதுவும் இல்லை.

80131040 என்றால் கோப்பு கிடைத்தது, ஆனால் கேட்ட பதிப்பு அல்ல. இதைக் ‘காணவில்லை’ என்று படித்துவிட்டு மறுபடி மறுபடி நகலெடுத்துப் போடுபவர்கள் ஏராளம். இருக்கும் கோப்பை எத்தனை முறை போட்டாலும் பதிப்பு மாறாது.

8007000பி என்றால் வடிவம் பொருந்தவில்லை. பெரும்பாலும் 32 பிட் டிஎல்எல்லை 64 பிட் ஆட்டோகேடில் ஏற்றப் பார்த்திருப்பீர்கள். 2020 முதல் ஆட்டோகேட் 64 பிட்டில் மட்டுமே வருகிறது.

8007007ஈ என்றால், பெயர் சொல்லப்பட்ட கோப்பு கண்முன்னே இருந்தாலும் அது நம்பியிருக்கும் வேறொரு நேட்டிவ் கோப்பு (சி, சி++ மொழியில் எழுதிய டிஎல்எல்) இல்லை என்று பொருள் கொள்ளலாம். அந்த வேறொன்றின் பெயரைச் செய்தி சொல்லாது. ஏழாவது, எட்டாவது படிகள் இதற்காகவே.

80131515 என்றால் விண்டோஸ் அந்தக் கோப்பை நம்பவில்லை. ஒன்பதாவது படிக்கு நேரே போய்விடுங்கள்.

4. பில்ட் நேரப் பிழை: ரெஃபரன்ஸைச் சரிசெய்வது

சிஎஸ்0246 அல்லது சிஎஸ்0234 வந்தால், ‘ஆட்டோடெஸ்க்.ஆட்டோகேட்’ என்று தொடங்கும் நேம்ஸ்பேஸ் கம்பைலருக்குத் தெரியவில்லை. அதற்கு முன்பு, வார்னிங் பட்டியலில் எம்எஸ்பி3245 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரெஃபரன்ஸ் (எந்த லைப்ரரி வேண்டும் என்ற சுட்டு) கொடுத்திருக்கிறீர்கள், அது சுட்டும் பாதையில்தான் கோப்பு இல்லை. இந்த ஒரு வார்னிங்கைத் தீர்த்தால் கீழே உள்ள நூறு எரர்களும் சேர்ந்தே போகும். சிவப்பை மட்டும் பார்த்து மஞ்சளை விடுவது பழக்கமாகிவிடுகிறது; இங்கே மஞ்சள்தான் மூலம்.

தேவையான அடிப்படைக் கோப்புகள் மூன்று. ஏசிடிபிஎம்ஜிடி என்பது வரைபடத்தின் தரவுத்தளம்: கோடு, வட்டம், லேயர், பிளாக் எல்லாம். ஏசிகோர்எம்ஜிடி என்பது ஆவணம், எடிட்டர், கட்டளை வரி. ஏசிஎம்ஜிடி என்பது திரையோடு தொடர்புள்ளவை. ரிப்பன் வேண்டுமென்றால் ஏடிவிண்டோஸ் என்ற நான்காவது கோப்பும் வேண்டும்.

ஏசிகோர்எம்ஜிடி 2013இல்தான் தனிக் கோப்பாகப் பிரிந்தது. அதற்கு முந்தைய பழைய எடுத்துக்காட்டு நிரல்களில் இரண்டு ரெஃபரன்ஸ்தான் இருக்கும். அவற்றை அப்படியே எடுத்துப் பில்ட் செய்தால், ‘இந்த டைப் ரெஃபரன்ஸ் செய்யப்படாத அசெம்பிளியில் உள்ளது’ என்று சிஎஸ்0012 வரும். மூன்றாவதைச் சேர்த்தால் முடிந்தது.

இந்தக் கோப்புகளை எங்கிருந்து எடுப்பது? எளிய வழி, டாட்நெட் லைப்ரரிகளை இறக்கித் தரும் நியூகெட். ஆட்டோடெஸ்க் நிறுவனமே ‘ஆட்டோகேட்.நெட்’ என்ற தொகுப்பை வெளியிடுகிறது, 2024க்கு 24.3 வரிசை, 2025க்கு 25.0 வரிசை. புதியதுதானே நல்லது என்று கடைசிப் பதிப்பை அழுத்தாதீர்கள். உங்கள் ப்ளகின் ஓட வேண்டிய ஆட்டோகேடுகளில் எது பழையதோ, அதன் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். 2022இன் லைப்ரரிக்கு எதிராகப் பில்ட் செய்தது 2024இல் பொதுவாக ஓடும். திருப்பிச் செய்தால் ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு வழி ஆட்டோடெஸ்கின் ஆப்ஜெக்ட்ஏஆர்எக்ஸ் எஸ்டிகே என்ற நிரலாக்கத் தொகுப்பை இறக்கி, அதன் ‘இங்க்’ ஃபோல்டரில் உள்ளவற்றைச் சுட்டுவது. அவை பில்ட் செய்வதற்கென்றே எளிமையாக்கப்பட்ட பிரதிகள். ஓடும்போது ஆட்டோகேட் தன்னுடைய அசல் கோப்புகளைத்தான் தரும்.

பிளாட்ஃபார்மை எக்ஸ்64 என்று வையுங்கள். ‘எனி சிபியு’விலும் டாட்நெட் ப்ளகின் ஓடும், ஆனால் எம்எஸ்பி3270 வார்னிங் வந்துகொண்டே இருக்கும், நேட்டிவ் லைப்ரரி சேரும் நாளில் எந்தப் பிட் என்ற குழப்பமும் வரும்.

காப்பி லோக்கல்

இதற்குத் தனித் தலைப்பே கொடுக்கலாம். மேலே சொன்ன ஆட்டோடெஸ்க் கோப்புகள் ஒவ்வொன்றிலும், அவுட்புட் ஃபோல்டருக்கு நகலெடுக்கச் சொல்லும் ‘காப்பி லோக்கல்’ என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். நியூகெட் வழியென்றால், தொகுப்பு வரியில் ‘எக்ஸ்க்ளூட் அசெட்ஸ்’ என்பதற்கு ‘ரன்டைம்’ என்று மதிப்பு கொடுங்கள், விளைவு ஒன்றுதான்.

காரணம் இது. ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டோகேட் அந்த லைப்ரரிகளை ஏற்கெனவே ஏற்றி வைத்திருக்கிறது. உங்கள் ஃபோல்டரிலும் ஒரு பிரதி கிடந்து, அதன் பதிப்பும் வேறாக இருந்தால், ஒரே பெயரில் இரண்டு லைப்ரரி உள்ளே வர வழி திறக்கிறது. ‘என்டிட்டி’யை ‘என்டிட்டி’யாக மாற்ற முடியவில்லை என்று பைத்தியக்காரத்தனமாக ஒரு பிழை வந்தால், இதுதான் நடந்திருக்கிறது.

சரிபார்க்க பத்து நொடி போதும். பில்ட் முடிந்ததும் அவுட்புட் ஃபோல்டரைத் திறந்து, ‘ஏசி’ அல்லது ‘ஏடி’ என்று தொடங்கும் ஆட்டோடெஸ்க் டிஎல்எல் ஏதும் கிடக்கிறதா பாருங்கள். ஒன்றும் இருக்கக் கூடாது. அமைப்பை மாற்றிய பிறகும் பழைய பிரதிகள் அங்கேயே தங்கியிருக்கும். கையால் அழித்துவிட்டு மறுபடி பில்ட் செய்யுங்கள்.

5. 2024க்கும் 2025க்கும் நடுவே உள்ள சுவர்

நெட்லோட் கொடுத்தவுடன் ‘சிஸ்டம்.ரன்டைம், வெர்ஷன் 8.0.0.0’ கிடைக்கவில்லை என்று வந்தால், வேறெங்கும் தேட வேண்டாம். டாட்நெட் 8க்காகப் பில்ட் செய்த ப்ளகினை 2024இலோ அதற்கு முந்தையதிலோ ஏற்றுகிறீர்கள். கணினியில் டாட்நெட் 8ஐ நிறுவினாலும் மாறாது. ஒரே ப்ராசஸுக்குள் எந்த ரன்டைம் என்பதை முடிவு செய்வது ஆட்டோகேட். அது ஃபிரேம்வொர்க் 4.8ஐத் தேர்ந்தெடுத்துவிட்டது.

எதிர்த்திசையில் கதை வேறு. 4.8க்குப் பில்ட் செய்ததை 2025இல் போட்டால் சில சமயம் ஏறிக்கூட விடும். பிறகு டாட்நெட் 8இல் நீக்கப்பட்ட ஒரு பகுதியைத் தொடும்போது விழும். ‘ஏறுகிறதே’ என்று நம்பி விநியோகம் செய்யாதீர்கள்.

ஒரே நிரலை இரண்டு இலக்குகளுக்கும் பில்ட் செய்வதே நேரான தீர்வு. ப்ராஜெக்ட் கோப்பைப் புதிய எஸ்டிகே பாணிக்கு மாற்றி, டார்கெட் ஃபிரேம்வொர்க்ஸ் வரியில் 4.8க்கும் 8.0இன் விண்டோஸ் வகைக்கும் இடம் கொடுங்கள். ‘விண்டோஸ்’ என்ற பின்னொட்டை மறந்தால் டபிள்யூபிஎஃப், விண்டோஸ் ஃபார்ம்ஸ் ஆகிய திரை வடிவமைப்பு டைப்புகள் கிடைக்காது. அதுவும் லைப்ரரி இல்லாத பிழையாகவே தோன்றும். ஒவ்வோர் இலக்குக்கும் அதற்குரிய நியூகெட் பதிப்பை நிபந்தனையோடு சேருங்கள்.

6. துணை லைப்ரரிகள்: அதிக நேரம் தின்னும் இடம்

ஆட்டோடெஸ்க் கோப்புகளை நகலெடுக்கக் கூடாது என்று இப்போதுதான் சொன்னோம். ஜேசன், எக்செல், டேட்டாபேஸ் போன்ற மற்ற லைப்ரரிகளுக்கு விதி நேரெதிர்: அவை உங்கள் ப்ளகின் டிஎல்எல் இருக்கும் அதே ஃபோல்டரில் இருந்தே ஆக வேண்டும். ஒரு விதியைக் கற்றுக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஃபால்ஸ் போடுபவர்கள் இங்கே மாட்டுகிறார்கள்.

டாட்நெட் 8இல் இன்னொரு வலை இருக்கிறது. கிளாஸ் லைப்ரரி வகை ப்ராஜெக்டைப் பில்ட் செய்யும்போது நியூகெட் டிஎல்எல்கள் அவுட்புட் ஃபோல்டருக்கு இயல்பாக வருவதில்லை. 4.8இல் வந்துகொண்டிருந்ததால் இது யாருக்கும் சட்டென்று தோன்றாது. ப்ராஜெக்ட் கோப்பில் ‘எனேபிள் டைனமிக் லோடிங்’ என்பதை ட்ரூ ஆக்குங்கள். வந்துவிடும்.

திரை அமைப்பை எழுதும் எக்ஸாமல் கோப்பில் மட்டும் பயன்படுத்தும் லைப்ரரிகள் மூன்றாவது வலை. ‘மைக்ரோசாஃப்ட்.எக்ஸாமல்.பிஹேவியர்ஸ்’ பிரசித்தி பெற்ற உதாரணம். நிரலில் அதன் டைப் ஒன்றைக்கூடத் தொடாவிட்டால், கம்பைலர் அந்த ரெஃபரன்ஸைத் தேவையற்றது என்று விட்டுவிடும். ஓடும்போது எக்ஸாமல் படிப்பான் பெயரை வைத்துத் தேடி, கிடைக்காமல் நிற்கும். நிரலில் எங்காவது அந்த லைப்ரரியின் ஒரு டைப்பைப் பெயருக்காவது குறிப்பிட்டால் போதும்.

இனி பதிப்பு மோதல், அதாவது 80131040. உங்களுக்கு ஜேசன் லைப்ரரியின் 13 வேண்டும். ஆட்டோகேடோ வேறொரு ப்ளகினோ பழைய பதிப்பை முன்பே ஏற்றிவிட்டது. ஃபிரேம்வொர்க் 4.8இல் கையொப்பமிட்ட அசெம்பிளிகளுக்குப் பதிப்பு எண் அச்சாகப் பொருந்த வேண்டும். டாட்நெட் 8 கொஞ்சம் தாராளம்: ஏற்றப்பட்டது கேட்டதைவிடப் புதியதென்றால் ஏற்கும், பழையதென்றால் மறுக்கும்.

வழக்கமான பயன்பாடுகளில் இதற்கு ஆப்.கான்ஃபிக் கோப்பில் பைண்டிங் ரீடைரக்ட் (ஒரு பதிப்பைக் கேட்டால் வேறொன்றைத் தரச் சொல்லும் குறிப்பு) எழுதுவார்கள். ப்ளகினில் அது வீண். டிஎல்எல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் கான்ஃபிக் கோப்பை யாரும் படிப்பதில்லை. ஓடும் எக்ஸியின் கான்ஃபிக் மட்டுமே செல்லும். அது ஆட்டோகேடுடையது. அதைத் திருத்தினால் சரியாகும்தான். ஆனால் ஒவ்வொரு வாடிக்கையாளர் கணினியிலும் திருத்த வேண்டும், அடுத்த அப்டேட்டில் அழிந்தாலும் அழியும், இன்னொருவர் ப்ளகினைக் கெடுத்தாலும் கெடுக்கும். என் கருத்தில் அது வழியே அல்ல.

அசெம்பிளி கிடைக்காதபோது ரன்டைம் எழுப்பும் அசெம்பிளி ரிசால்வ் நிகழ்வைப் பிடிப்பதுதான் நடைமுறை வழி. அதை இப்படி எழுதுங்கள்:

முதலில், இனிஷியலைஸ் மெத்தடில் அந்த நிகழ்வுக்கு உங்கள் ஹேண்ட்லரை இணையுங்கள். அந்த மெத்தடில் துணை லைப்ரரியின் டைப் எதுவும் வரக் கூடாது. வந்தால் ஹேண்ட்லர் இணையும் முன்பே தேடல் நடந்து தோற்றுவிடும். இரண்டாவது படியில் சொன்ன அதே காரணம்.

பிறகு, கேட்கப்பட்ட முழுப் பெயரிலிருந்து வெறும் பெயரை மட்டும் பிரித்தெடுங்கள். அது உங்கள் பட்டியலில் உள்ள பெயரா என்று பாருங்கள். இல்லையென்றால் ‘நல்’ (எதுவுமில்லை என்ற மதிப்பு) திருப்புங்கள். இந்தச் சோதனையை விட்டுவிட்டால் ஆட்டோகேடின் சொந்தக் கேள்விகளுக்கும் மற்ற ப்ளகின்களின் கேள்விகளுக்கும் நீங்கள் பதில் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள். நிகழ்வு எல்லோருக்கும் பொது. ‘ரிசோர்ஸஸ்’ என்று முடியும் பெயர்களுக்கும் நல்தான், அவை மொழிபெயர்ப்புக் கோப்புகளுக்கான கேள்விகள்.

பெயர் உங்களுடையதென்றால், முதலில் ஏற்கெனவே ஏற்றப்பட்டவற்றில் அதைத் தேடுங்கள். ஏற்றுக்கொள்ளத்தக்க பதிப்பு இருந்தால் அதையே கொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் டிஎல்எல் இருக்கும் ஃபோல்டரிலிருந்து ஏற்றுங்கள். அந்த ஃபோல்டரை உங்கள் அசெம்பிளியின் லொகேஷனிலிருந்து எடுங்கள். கரன்ட் டைரக்டரியை நம்பாதீர்கள். வரைபடம் திறக்கப்படும் இடத்துக்கேற்ப அது மாறும்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு ஆட்டோகேடை மூடித் திறங்கள். டாட்நெட் ப்ளகினை இறக்க வழியில்லை. ஏறியது மூடும்வரை அங்கேயே இருக்கும். அதைவிட முக்கியமாக, ஃபிரேம்வொர்க் தோற்ற தேடலையும் நினைவில் வைத்துக்கொள்ளும். விடுபட்ட கோப்பை இப்போது சரியான இடத்தில் போட்டுவிட்டு அதே அமர்வில் மறுபடி முயன்றால், பழைய தோல்வியே திரும்பி வரும். சரியான தீர்வைச் செய்துவிட்டு, ‘இதுவும் இல்லை’ என்று கைவிடுவது இப்படித்தான்.

7. நேட்டிவ் கோப்புகள்

சி, சி++ மொழியில் எழுதிய டிஎல்எல்களை டாட்நெட் அல்ல, விண்டோஸே தேடுகிறது. ஆகவே அசெம்பிளி ரிசால்வ் இங்கே உதவாது.

அடிக்கடி காண்பது எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் லைப்ரரி. ‘சிஸ்டம்.டேட்டா.எஸ்க்யூலைட்’ டிஎல்எல்லை மட்டும் எடுத்துப் போட்டால் ‘எஸ்க்யூலைட்.இன்டர்ஆப்’ கிடைக்கவில்லை என்று வரும். அது எக்ஸ்64 என்ற உள்ஃபோல்டரில் இருக்க வேண்டிய கோப்பு. விநியோகத்துக்காகக் கோப்புகளைப் பொறுக்கும்போது உள்ஃபோல்டர்களை விட்டுவிடுகிறோம்.

டாட்நெட் 8 ப்ராஜெக்ட்களில் நேட்டிவ் கோப்புகள் ‘ரன்டைம்ஸ்’ என்ற ஃபோல்டருக்குள் மூன்றடுக்கு ஆழத்தில் போய் உட்காரும். ரன்டைம் ஐடென்டிஃபையர் என்பதை வின்–எக்ஸ்64 என்று கொடுத்தால் அவை நேராக டிஎல்எல் பக்கத்திலேயே வந்துவிடும். அப்படியும் கிடைக்காவிட்டால், முதல் பயன்பாட்டுக்கு முன் நேட்டிவ்லைப்ரரி.லோட் மூலம் முழுப் பாதையைக் கொடுத்து நீங்களே ஏற்றிவிடுங்கள்.

ஏஆர்எக்ஸ் (சி++ மொழியில் எழுதும் ஆட்டோகேட் ப்ளகின்) எழுதுபவர்களுக்கு இரண்டு குறிப்பு. லிங்க் நேரத்தில் எல்என்கே1104 வந்து ‘ஏசிடிபி25.லிப்’ போன்ற பெயரைச் சொன்னால், எஸ்டிகேயின் லிப் ஃபோல்டர் பாதை விடுபட்டது, அல்லது எண் வேறு பதிப்புடையது. பெயரில் உள்ள எண் ஆர் வரிசையின் முழு எண்தான்.

இரண்டாவது, டீபக் பில்ட். கிடைக்காத கோப்பின் பெயர் ‘எம்எஸ்விசிபி140டி’ என்று ‘டி’யில் முடிகிறதா? அந்தக் கடைசி எழுத்து டீபக்கைக் குறிக்கிறது. விஷுவல் ஸ்டுடியோ உள்ள கணினியில் மட்டும் இருக்கும். பிறருக்குக் கொடுக்க அனுமதியில்லாத கோப்பு. ஏஆர்எக்ஸ் ப்ராஜெக்ட்களில் டீபக் அமைப்பிலும் ரன்டைம் லைப்ரரியை எம்டி என்றே வைக்க வேண்டும், எம்டிடி அல்ல. ஆட்டோகேட் தானே ரிலீஸ் ரன்டைமில் ஓடுவதால், நினைவகம் ஒதுக்குவதும் விடுவிப்பதும் இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும்.

ஒரு நேட்டிவ் கோப்பு எதையெல்லாம் நம்பியிருக்கிறது என்று பார்க்க, டெவலப்பர் கமாண்ட் ப்ராம்ப்டில் டம்ப்பின் கருவியை ‘டிபென்டென்ட்ஸ்’ விருப்பத்தோடு ஓட்டுங்கள். பழைய டிபென்டன்சி வாக்கரைப் பரிந்துரைக்கும் குறிப்புகள் இன்னும் சுற்றுகின்றன. இன்றைய விண்டோஸில் அது ‘ஏபிஐ–எம்எஸ்’ என்று தொடங்கும் பெயர்களை எல்லாம் இல்லை என்று காட்டிப் பயமுறுத்தும். அவை உண்மைக் கோப்புகளே அல்ல.

8. ப்ராசஸ் மானிட்டரில் பார்ப்பது

மேலே உள்ளவற்றில் பிடிபடாதது இங்கே பிடிபடும். ஆட்டோகேடைத் திறந்து, பிழைக்கு ஒரு கட்டளை முன்பு நிறுத்துங்கள். ப்ராசஸ் மானிட்டரை நிர்வாகியாகத் திறந்து மூன்று வடிகட்டிகள் போடுங்கள்: ப்ராசஸ் பெயர் ‘ஏகேட்.எக்ஸி’, பாதை ‘.டிஎல்எல்’ என்று முடிய வேண்டும், ஆபரேஷன் ‘கிரியேட்ஃபைல்’. பதிவைத் துடைத்துவிட்டு, கட்டளையை அடித்து, பிழை வந்த கணமே பதிவை நிறுத்துங்கள்.

‘நேம் நாட் ஃபவுண்ட்’ என்று நிறைய வரிகள் இருக்கும். பதறத் தேவையில்லை. விண்டோஸ் ஒரு கோப்பை நான்கைந்து இடங்களில் தேடும். முதல் மூன்றில் இல்லாமல் நான்காவதில் கிடைப்பது சகஜம். நீங்கள் தேடுவது, எந்த இடத்திலும் ‘சக்ஸஸ்’ வராமலே முடிந்த பெயர். அது பதிவின் கடைசிப் பகுதியில் இருக்கும். சில சமயம் பிழைச்செய்தி சொன்ன பெயராக இருக்காது. 8007007ஈயின் புதிர் அங்கே அவிழும்.

தேடிய பாதைகளையும் படியுங்கள். எந்த ஃபோல்டர்களில் தேடியது என்று தெரிந்தால் கோப்பை எங்கே வைக்க வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை.

4.8 வரையான பதிப்புகளுக்கு ஃபியூஷன் லாக் வியூவரும் உண்டு. பதிப்பு மோதலில் அது இன்னும் தெளிவாகப் பேசும். டாட்நெட் 8க்கு அது வேலை செய்யாது. பயன்படுத்தி முடித்ததும் பதிவு செய்வதை அணைத்துவிடுங்கள், இல்லையேல் கணினி முழுவதும் மந்தமாகும்.

9. அடுத்தவர் கணினியில் மட்டும் வரும் பிழை

ஜிப்பாக மின்னஞ்சலில் போன கோப்பு என்றால், முதல் சந்தேகம் விண்டோஸின் தடை. டிஎல்எல்லின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, ‘அன்பிளாக்’ பெட்டி தெரிந்தால் டிக் செய்யுங்கள். விரித்த பிறகு ஒவ்வொன்றாகச் செய்வதைவிட, விரிப்பதற்கு முன் ஜிப்பையே அன்பிளாக் செய்வது சுலபம்.

அடுத்து செக்யூர்லோட் என்ற ஆட்டோகேட் அமைப்பு. அதன் மதிப்பு 1 என்றால், நம்பகப் பட்டியலில் இல்லாத இடத்திலிருந்து ஏற்றும்போது எச்சரிக்கும். 2 என்றால் மறுத்தே விடும். நம்பகப் பட்டியலான ட்ரஸ்டட்பாத்ஸில் உங்கள் ஃபோல்டரைச் சேருங்கள். செக்யூர்லோடை 0 ஆக்கச் சொல்லி வாடிக்கையாளருக்கு எழுதாதீர்கள். உங்கள் ஒரு ப்ளகினுக்காக அவர் எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்து வைக்கிறார்.

இவை இரண்டையும் குறைக்கும் வழி பண்டில். ‘.பண்டில்’ என்று முடியும் ஃபோல்டரை அப்ளிகேஷன்ப்ளகின்ஸ் ஃபோல்டரில் வைத்து, அதன் வேரில் பேக்கேஜ்கன்டென்ட்ஸ் என்ற எக்ஸ்எம்எல் கோப்பும், ‘கன்டென்ட்ஸ்’ உள்ஃபோல்டரில் டிஎல்எல்களும் இருக்க வேண்டும். அந்த எக்ஸ்எம்எல் கோப்பில், 4.8 பில்டுக்கு சீரீஸ்மின் (குறைந்தபட்சப் பதிப்பு) ஆர்24.0, சீரீஸ்மேக்ஸ் (அதிகபட்சப் பதிப்பு) ஆர்24.3. டாட்நெட் 8 பில்டுக்கு சீரீஸ்மின் ஆர்25.0. சீரீஸ்மேக்ஸ் எழுதாமல் விட்டால், 4.8 பில்டை 2025உம் ஏற்றப் பார்க்கும். ஐந்தாவது படியின் சுவரில் போய் முட்டும்.

நேட்டிவ் கோப்பு எதையாவது சேர்த்திருந்தால், அதைப் பில்ட் செய்த பதிப்புக்குரிய விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் அந்தக் கணினியில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆட்டோகேடின் கட்டளை வரி வடிவமான கோர் கன்சோலில் ஓட்டுபவர்களுக்கு ஒரு சொல்: அங்கே திரை கிடையாது, எனவே ஏசிஎம்ஜிடியும் ஏடிவிண்டோஸும் கிடையாது. அவற்றைத் தொடும் நிரல் அங்கே லைப்ரரி பிழையில்தான் முடியும். தரவுத்தள வேலையைத் தனி ப்ராஜெக்டாகப் பிரித்து, மற்ற இரண்டு ரெஃபரன்ஸை மட்டும் கொடுங்கள்.

10. விபிஏவில் வருவது

ஆட்டோகேடுக்குள்ளேயே மேக்ரோ எழுதும் விபிஏ மொழியில், ‘கான்ட் ஃபைண்ட் ப்ராஜெக்ட் ஆர் லைப்ரரி’ என்று வந்து, கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒரு சரம் வெட்டும் ஃபங்ஷன் மேல் நிறம் விழும். அந்த வரியில் தவறில்லை. டூல்ஸ் மெனுவில் ரெஃபரன்ஸஸ் திறந்து, ‘மிஸ்ஸிங்’ என்று தொடங்கும் வரியைத் தேடி டிக்கை எடுங்கள். பிறகு இந்தக் கணினியில் உள்ள ஆட்டோகேட் பதிப்பின் டைப் லைப்ரரிக்கு டிக் போடுங்கள். விபிஏ எடிட்டரே திறக்கவில்லை என்றால், அது 2010 முதல் தனியாக இறக்கி நிறுவ வேண்டிய பகுதி.

11. அனுப்புவதற்கு முன் கடைசிச் சோதனை

விஷுவல் ஸ்டுடியோ இல்லாத கணினியில் பண்டிலை வைத்து, ஆட்டோகேடைத் திறந்து, ப்ளகினில் உள்ள ஒவ்வொரு கட்டளையையும் ஒரு முறையாவது ஓட்டுங்கள். ‘ஏறியது’ என்பது சோதனை ஆகாது. தொடாத மெத்தடின் லைப்ரரி இன்னும் தேடப்படவே இல்லை. டயலாக் பெட்டிகளைத் திறந்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு டேபையும் அழுத்துங்கள். ஏற்றுமதிக் கட்டளைகளை உண்மையான கோப்பு உருவாகும்வரை ஓட்டுங்கள். பிறகு வேறொரு ப்ளகினையும் ஏற்றிவிட்டு, ஏறும் வரிசையை மாற்றி ஒரு முறை பாருங்கள். பதிப்பு மோதல் பெரும்பாலும் ஒரு வரிசையில் மட்டும்தான் தலைகாட்டும்.